உறங்கி நடப்பவளுக்கு ஒரு துப்பாக்கி

என் மனைவி வெல்டா தூக்கத்தில் நடப்பவள். கல்யாணமான புதிதில் ஒரு விடியற்காலை கண் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். சமையலறையில் விளக்குக்கூடப் போடாமல், வெறும் மேசைமேல், மாவே இல்லாமல் கட்டையை உருட்டிக்கொண்டு நின்றாள். ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் அவள் தோளில் விழுந்திருந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் அந்தக் கண்களில் நான் படவில்லை.

“என்ன பண்றே?” என்றேன்.

“பிஸ்கட். சர்ச்சுல ஊரே சாப்பிட வருது.”

“மாவு எங்க?”

“தெரியலையா? முழங்கை வரைக்கும் ஒட்டியிருக்கு பாருங்க.”

அன்று நான் அவளைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன். அவள் போட்ட கூச்சலில் கோழிகளெல்லாம் கூண்டுக்குள் பறந்தன. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். எழுப்பக் கூடாது, மறுத்துப் பேசக் கூடாது. அவள் எந்தக் கனவில் இருக்கிறாளோ அதற்குள் நாமும் நுழைந்து, உள்ளேயிருந்தபடியே மெல்லக் கட்டிலுக்குத் திருப்ப வேண்டும். “பிஸ்கட் வெந்தாச்சு” என்று சொன்னால் போதும். “அடியில கருகலையே?” என்று கேட்பாள். “இல்ல” என்றால் நிம்மதியாக வந்து படுத்துக்கொள்வாள்.

விழித்திருக்கும் வெல்டாவிடம் வாய் கொடுத்து மீள முடியாது. உறங்கும் வெல்டா பரம சாது. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவாள், என்னிடமும்கூட. எனக்கு இரண்டு பேரையுமே பிடித்திருந்தது. பகல் வெல்டாவிடம் சொல்லப் பயந்த சங்கதிகளை விடியற்காலை வெல்டாவிடம் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டதும் உண்டு.

இவளுக்காகவே, நடப்பதைப் பார்த்த அன்றே, என் மான் வேட்டை ரைஃபிளை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். மேற்கு ஓக்லஹோமாவில் துப்பாக்கி இல்லாத ஒரே வீடு எங்களுடையதுதான் என்று அண்ணன் கேலி செய்வான். அவன் கேலியில் உண்மை இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கோதுமைதான் குடியிருக்கிறது. போலீஸ் என்று ஷெரீஃபைக் கூப்பிட்டால் அவர் வருவதற்குள் பீன்ஸ் வெந்து, ஆறி, அடுத்த வேளைக்குச் சுட வைக்கவும் ஆகிவிடும்.

எனக்கு டெக்சஸில் எண்ணெய்க் கிணற்று வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. வியாழக்கிழமை வருவேன், வியாழக்கிழமை போவேன். நான் இல்லாத நாட்களில் வெல்டா வெளியே இறங்கிப் போய்விடக் கூடாதே என்று வாசல் கதவிலும் சமையலறைக் கதவிலும் மாட்டுமணி கட்டியிருந்தேன். மணி அடித்தால் விழித்துக்கொள்வாள், தன்னையே திட்டிக்கொண்டு திரும்பிப் படுப்பாள். எங்கள் மகள் மிண்டி பிறந்த பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் திருட்டு ஆரம்பித்தது. வாசலில் பிக்கப் வண்டி நிற்காத வீடுகளாகப் பார்த்து நுழைந்தார்கள். வண்டி இல்லையென்றால் ஆம்பளை கிணற்றுக்குப் போயிருக்கிறான் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எங்கள் சாலையிலேயே இருக்கும் ப்ரூயிட் வீட்டில் பட்டப்பகலில் புகுந்தார்கள். தடுக்கப் போன ப்ரூயிட் மனைவியைத் தள்ளிவிட்டதில் அவளுக்குக் கை முறிந்தது.

அதோடு வெல்டாவின் தூக்கம் போயிற்று. தூங்காதவள் நடக்கவும் இல்லை. கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். நான் டெக்சஸிலிருந்து போன் செய்தால் அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“ராய்ஸ், எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்.”

“வெல்டா, நீ...”

“நான் என்னன்னு எனக்குத் தெரியும். நீ அங்க கெடக்கிற. இங்க நான் இருக்கேன், புள்ள இருக்கு. வாங்கித் தர முடியுமா, முடியாதா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வாங்கித் தருகிறேன் என்றேன். பாதி வருஷம் வீட்டில் இல்லாதவனுக்கு மறுக்கும் உரிமை கிடையாது.

அடுத்த முறை வந்ததும் இருவரும் ஓபலின் கடைக்குப் போனோம். ஓபல் எங்கள் வயதுக்காரி. எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை ஒரு காபிக் குவளையில் துப்பிக்கொண்டிருப்பாள். கடையில் எப்போதும் போல இரண்டு பேர் வேலையில்லாமல் சாய்ந்து நின்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“வீட்டுக்குள்ள ரைஃபிள் வேணாம்,” என்றாள் ஓபல். “குண்டு திருடனையும் தாண்டி, சுவரையும் தாண்டி, அடுத்த மாவட்டத்து மாட்டைப் போய்க் கொல்லும். ரவை சிதறுற ஷாட்கன்தான் சரி.”

“பன்னிரண்டு கேஜ் குடு,” என்றான் சாய்ந்து நின்றவர்களில் ஒருவன்.

“அது இவளைத் தூக்கிப் பின்னாடி எறிஞ்சுடும். அப்புறம் திருடன்தான் இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.” ஓபல் ஒரு துப்பாக்கியை எடுத்து, அதன் பின்கட்டையின் அடியை வெல்டாவின் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தாள். வெல்டாவின் விரல் விசைக்கு எட்டவில்லை. “பாரு. ஆம்பளைங்க பொண்டாட்டிக்குத் துப்பாக்கி வாங்கினா தங்களுக்குப் பொருத்தமா வாங்குவாங்க. சட்டை மட்டும் அவ அளவு பார்த்து வாங்குவாங்க.”

கேஜ் எண் கூடினால் குழல் சிறுத்து உதை குறையுமாம். கட்டை குட்டையான இருபது கேஜ் ஒன்று வெல்டாவின் தோளில் அழகாகப் போய் உட்கார்ந்தது. அந்த அளவிலேயே இரட்டைக் குழல் இருந்தது, தானாகவே அடுத்த தோட்டா ஏறுவது இருந்தது, முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளும் பம்ப் இருந்தது. எது வேண்டும் என்று ஓபல் கேட்டாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

“தூங்கறவங்களுக்குன்னு ஏதாவது இருக்கா?”

ஓபல் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வெல்டாவே சொல்லிவிட்டாள். “நான் தூக்கத்துல நடப்பேன் ஓபல். ஊருக்கே தெரிஞ்ச கதை. புதுசா கேக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்காதே.”

“அப்ப உனக்கு வேண்டியது துப்பாக்கி இல்ல, கயிறு. ரெண்டு கடை தள்ளி விக்கிறான். கட்டில் காலோட கட்டிக்க.”

வெல்டாவும் ஓபலும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கவலையெல்லாம் ஒன்றுதான். விழித்திருக்கும்போது அவளால் உடனே எடுக்க முடிய வேண்டும், தூங்கும்போது எடுக்கவே முடியக் கூடாது. எண்களை அமுக்கித் திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்றை ஓபல் காட்டினாள். மிண்டிக்காகப் பெட்டி எப்படியும் வேண்டும். வாங்கிக் கொண்டுவந்து, சோதனைக்காக உள்ளே வெறும் மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்துப் பூட்டினேன். நான் வீட்டில் இருந்த தைரியத்தில் வெல்டா அப்போது தூங்க ஆரம்பித்திருந்தாள். மறுநாள் காலை பெட்டி திறந்து கிடந்தது, மிட்டாயெல்லாம் மிண்டியின் செருப்புகளுக்குள் வரிசையாக இருந்தது. மிண்டிக்கு ஒரே கொண்டாட்டம். நான் மிட்டாய்க்குப் பதில் துப்பாக்கியை வைத்து நினைத்துப் பார்த்தேன்.

திரும்பிப் போய் ஓபலிடம் சொன்னேன். அவள் பம்ப் துப்பாக்கியை எடுத்து முன்பிடியை இழுத்துத் தள்ளினாள். சளக்-சடக். சாய்ந்து நின்ற இருவரும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள்.

“இந்தச் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிடுவான்னு ஊர்ல சொல்லுவாங்க,” என்றாள் ஓபல். “ஓடுவானோ மாட்டானோ, அது எனக்குத் தெரியாது. ஆனா தூங்கறவ முழிச்சுக்குவாளான்னு பாரு. இதை இழுக்காம சுட முடியாது. இழுத்தா சத்தம் வராம இருக்காது.”

எங்கள் ஊரில் எல்லோரும் பம்ப் துப்பாக்கி வாங்குவது அடுத்தவன் காதுக்காக. நாங்கள் அதைச் சுடுகிறவள் காதுக்காகவே வாங்க நினைத்தோம். ஓபல் தெரிந்தவர்கள் என்பதால் சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினாள். இரண்டு விடியற்காலைகள் காத்திருந்தேன். மூன்றாவது நாள் வெல்டா எழுந்து, இடைவழியில் நின்று, கண்ணுக்குத் தெரியாத கொடியில் கண்ணுக்குத் தெரியாத துணிகளைக் காயப்போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் உதறி, நீவி, அவ்வளவு பொறுமையாகப் போட்டாள். எழுப்ப மனசே வரவில்லை. ஆனாலும் பின்னால் நின்று வெறும் துப்பாக்கியின் பிடியை இழுத்துத் தள்ளினேன்.

துள்ளித் திரும்பினாள். முழு விழிப்பு. “பைத்தியமா உனக்கு! நெஞ்சு நின்னு போச்சு!” என்று என் மண்டையில் ஒன்று வைத்தாள். அந்த அடியைப் போல இனிப்பான அடி நான் வாங்கியதில்லை. அன்றைக்கே காசு கொடுத்து அந்தத் துப்பாக்கியை எங்களுடையதாக்கினோம்.

சனிக்கிழமைகளில் ஓபல் பழைய கல்குவாரியில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெல்டா ஒன்றைக்கூட விடவில்லை. கட்டையைத் தோளின் பள்ளத்தில் வைப்பது, கன்னத்தை அதில் அழுத்துவது, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பது, முதலில் குரல் கொடுப்பது. பிறகு வீட்டில், மிண்டி பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியதும், பொய்த் தோட்டாக்களை வைத்துக்கொண்டு இடைவழியில் பழகுவாள். பெட்டி, எண்கள், துப்பாக்கி, தோள், சளக்-சடக். மறுபடியும் பெட்டி. நான் இருக்கும் வாரங்களில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். என் சின்ன வெல்டாவின் கைகள் வரவர என் கண்ணுக்கே எட்டாத வேகத்தில் போயின.

“இன்னும் பத்தாது,” என்றாள் ஓபல். “பயத்துல மூளை ஓடாது. கை தானா செய்யணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் செய்யற மாதிரி இருக்கணும்.”

நாங்கள் இருவரும் தலையாட்டினோம். மூன்று பேர் அங்கே நின்றோம், ஒருத்தருக்குக்கூட உறைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எங்கள் புத்தியை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். துப்பாக்கி வந்த பிறகு வெல்டா தூங்கினாள். நான் இல்லாத வாரங்களிலும் தூங்கினாள். கன்னம் தேறியது. போனில் அவள் குரல் மேலே வந்துவிட்டது, என்னைத் திட்டும் அளவுக்கு.

பிப்ரவரியில் டெக்சஸ் முழுக்கப் பனிமழை பெய்து மின்கம்பிகளெல்லாம் கண்ணாடியாக உறைந்தன. கிணற்றை நிறுத்திவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமைதான் ஆகியிருந்தது. போன் செய்யலாம் என்று நினைத்தேன், தூங்குகிறவளை எதற்கு எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன். இரவெல்லாம் ஓட்டிவந்து எங்கள் மண்சாலையில் திரும்பியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வயல் முழுக்க மூடுபனி. வீடு தரையில் இல்லாமல் பனிமேல் நின்றது. எனக்கும் பாதித் தூக்கம்தான். நான் வண்டி ஓட்டுகிறேனா, வண்டி ஓட்டுவதாகக் கனவு காண்கிறேனா என்று இரண்டு மூன்று தடவை சந்தேகம் வந்தது.

சமையலறைக் கதவைத் திறக்கும்போது மாட்டுமணியின் நாக்கை விரல்களால் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கரிசனம். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு இடைவழிக்கு வந்தேன். ஹீட்டரின் வெதுவெதுப்பும் நேற்றைய சோள ரொட்டியின் வாசனையும் இருந்தன. மிண்டியின் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, உள்ளே அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் உடம்பு நம்பியது.

சளக்-சடக்.

இடைவழியின் மறுகோடியில் வெல்டா. வெள்ளை இரவு உடுப்பு, வெறும் கால், தோளின் பள்ளத்தில் கட்டை, அதில் கன்னம். கொஞ்சமும் பிசகில்லை. எனக்கு முதலில் வந்தது பெருமைதான், சத்தியமாகச் சொல்கிறேன். சத்தம் கேட்டாயிற்று, இப்போது விழித்துக்கொள்வாள், இரண்டு திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

“யாரது?” என்றாள்.

“நான்தான். ராய்ஸ்.”

“அவரு வியாழக்கிழமைதான் வருவாரு,” என்றாள், அந்த இன்னொரு குரலில். பிஸ்கட் குரலில். 

அப்போதுதான் புரிந்தது. நான் பின்னால் நின்று சத்தம் போட்ட அன்று அது அவளுக்குப் புதிது. அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைத் தன் கையாலேயே எத்தனை நூறு தடவை எழுப்பியிருப்பாள். அவள் காதுக்கு அது இப்போது ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம். யார் தூக்கத்தையும் அது கெடுக்காது. கைகளுக்கோ எல்லாம் தெரியும். நாங்கள்தான் மெனக்கெட்டு, தூங்கும் வெல்டாவுக்கும் சேர்த்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

“வெல்டா, முழிச்சுக்கோ!”

அவள் நெற்றி சுருங்கியது. “என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?” விசைப் பூட்டை விடுவிக்கும் சேஃப்டி பொத்தானைத் தள்ளிய சின்னச் சத்தம் கேட்டது. “கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க.”

“எங்க?”

“உங்க இடது கைப் பக்கம். ஃப்ரீசர் இருக்குல்ல, அதுக்கு முன்னாடி. உங்க பின்னாடி என் பொண்ணு தூங்கறா.”

இதுவும் ஓபலின் பாடம்தான். எங்கள் வீட்டுச் சுவர்கள் அட்டைக்கு அண்ணன். ரவை அதையெல்லாம் மதிக்காது. சுடுமுன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃப்ரீசர் நிறைய மான் இறைச்சி உறைந்து கிடந்தது, அதைத் தாண்டி எதுவும் போகாது. வெல்டா எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றிருந்தாள். என்னை எங்கே வைத்துச் சுட வேண்டும் என்பதுவரை.

நின்ற இடத்திலேயே நின்றால், அவள் விரல் ஒருமுறை தவறினால் போதும், என்னோடு மிண்டியும் போவாள். நகர்ந்தால் மிண்டி தப்பிப்பாள், நான் போவது நிச்சயம். பெற்ற தகப்பன் நகரத்தான் வேண்டும். நான் இடது காலைத் தூக்கினேன்.

“அப்படித்தான்,” என்றாள் வெல்டா, போட்டோ எடுப்பவள் போல. “இன்னும் கொஞ்சம்.”

அவள் விரலைப் பார்த்தேன். நான் சுவர்முன் நின்றபோது விசைக்கு வெளியே நேராக நீட்டியிருந்த விரல், நான் காலைத் தூக்கியதும் மடங்கிக்கொண்டிருந்தது. காலைத் திரும்ப வைத்தேன். விரல் நேரானது. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, பகலா இரவா என்று தெரியவில்லை. ஆனால் மகள் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. நான் அதை நம்பினேன். என் உயிரைப் பணயம் வைத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மிண்டியின் உயிரையும் சேர்த்துத்தான் வைத்தேன்.

“நான் நகர மாட்டேன்மா.”

“நகருங்களேன். தயவுசெஞ்சு.”

“மாட்டேன்.”

“சரி. நான் காத்திருக்கேன்.” அவளுக்குக் கோபமே இல்லை.

நின்றோம். ஜன்னலில் வெளுப்பு ஏறிக்கொண்டே வந்தது. பழைய வழிதான் மிச்சம், அவள் கனவுக்குள் போவது. மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

“உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?”

“நல்லவரு.” யோசித்தாள். “ஆனா இருக்க மாட்டாரு.”

“எப்ப வருவாரு?”

“வியாழக்கிழமை.”

“அன்னிக்கு வந்துடுவாரா?”

“அன்னிக்குக் கேட்டா அடுத்த வியாழக்கிழமைன்னு சொல்லுவாங்க.” இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோதுமை ஜூனில் அறுப்பாகும் என்பதைப்போலச் சொன்னாள். துப்பாக்கி முனை என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அதைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

சுவருக்குப் பின்னாலிருந்து மிண்டியின் குரல் கேட்டது. “அம்மா, தண்ணி.”

வெல்டாவின் தலை திரும்பியது. சேஃப்டியைத் திரும்பத் தள்ளினாள். துப்பாக்கியைச் சுவர் மூலையில் பத்திரமாகச் சாத்தினாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். “கொஞ்சம் வழி விடுங்க,” என்று என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனாள்.

“அப்பா வந்துட்டாங்களா? வண்டிச் சத்தம் கேட்டுச்சு,” என்றாள் மிண்டி.

“இல்ல கண்ணு. வியாழக்கிழமைதான்.”

நான் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினேன். அவை கம்பளத்தில் சத்தமில்லாமல் விழுந்தன. பிறகு அங்கேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வெயில் வந்த பிறகு வெல்டா மிண்டியின் அறையிலிருந்து எழுந்து வந்தாள். “ஏய், நீ எப்ப வந்தே? தரையில என்ன...” என்றவள் தோட்டாக்களைப் பார்த்தாள். துப்பாக்கி என் மடியில் இருந்ததைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

“நகர்ந்தியா?”

“இல்ல.”

“நகர்ந்திருந்தா?”

நான் ஃப்ரீசரைப் பார்த்தேன். அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.  அவள் தோள்கள் குலுங்கின. அணைத்துக்கொள்ளப் போனேன், தள்ளிவிட்டாள். பிறகு அவளே என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

“அதுல ஒண்ணு மட்டும் நான் பொய் சொல்லல ராய்ஸ்,” என்றாள் கடைசியில். “வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னது.”

அன்று மத்தியானமே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தோம். ஓபல் கதையைக் கேட்டுவிட்டு விதை கொறிப்பதை நிறுத்தினாள். கயிறு என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் டெக்சஸுக்குத் திரும்பிப் போகவில்லை. ஊர்த் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் சுண்டிப்போயிற்று, கையெல்லாம் கோதுமைத் தூசி, ஆனால் சாயங்காலம் வண்டி வாசலில் நின்றது. அதைப் பார்த்தோ என்னவோ, எந்தத் திருடனும் எங்கள் பக்கம் வரவில்லை.

வெல்டா நடப்பது மட்டும் நிற்கவில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன நப்பாசை இருந்தது. தினமும் பக்கத்திலேயே படுக்கிறேனே, இனிமேல் தூக்கத்திலும் என்னைத் தெரிந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தேன். எங்கே? கட்டிலோரம் நின்று, “நீங்க யாரு?” என்பாள். “வழிப்போக்கன்மா” என்பேன். “இருந்துட்டுப் போங்க. எங்க வீட்டுக்காரர் வியாழக்கிழமை வந்துடுவாரு” என்பாள். பகலில் என் தட்டில் உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டு, என் தலைமுடியைக் கேலி செய்து, என்னோடு சண்டை போடுகிறவள்தான். விடிவதற்குள் என்னை மறுபடியும் டெக்சஸுக்கு அனுப்பிவிடுவாள். வசந்தம் போய் அறுவடை வந்தது, பிறகு உழவும் வந்தது. அவள் தூக்கத்தில் நான் அப்போதும் டெக்சஸில்தான் இருந்தேன். அந்த ஆசையை விட்டுவிட்டேன். அத்தனை வருஷம் இல்லாமலிருந்தவன் ஒரு வருஷத்தில் வந்துவிட முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு விடியற்காலை அவள் பக்கத்தில் இல்லை. தேடிக்கொண்டு போனேன். முன்னறை ஜன்னலருகே நின்று வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலடியில் தரைப்பலகை கிறீச்சிட்டது. திரும்பி என்னை, அந்த வழிப்போக்கனைப் பார்த்தாள். அவசரமாக உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா வாங்க,” என்றாள் ரகசியமாக. “எங்க வீட்டுக்காரர் உள்ள தூங்கறாரு.”

நான் ஓசைப்படாமல் திரும்பிப் போய், அவர் இடத்தில் படுத்துக்கொண்டேன்.